மூடின பிறகு

ஜனவரி 9

அன்புள்ள அத்தானுக்கு,

நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. என் நலத்தைப் பற்றி உங்கள் அக்கா ஃபோனில் சொல்லியிருப்பார். "நல்லா இருக்கா, எழுந்து நடக்கிறா, ரெண்டு இட்லி சாப்பிட்டா" என்று தினமும் ஒரே பாட்டைப் பக்கத்து அறையிலிருந்து பாடுகிறார். கேட்டுக்கேட்டு எனக்கே மனப்பாடம்.

நான் ஏன் ஃபோனுக்கு வருவதில்லை என்று ஏழெட்டு முறை கேட்டுவிட்டீர்களாம். கோபமா, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று குடைகிறீர்களாம். கோபமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் வயிறு பேசுகிறது. அதுதான் காரணம்.

நேராகவே எழுதிவிடுகிறேன். குடலில் அடைப்பு வந்து ஒரு பகுதி அழுகிப்போனது உங்களுக்குத் தெரியும். வெட்டி எடுத்தார்கள், அதுவும் தெரியும். மிச்சமிருந்த குடலின் நுனியை என்ன செய்தார்கள் என்பதை உங்கள் அக்கா சொல்லியிருக்க மாட்டார். வயிற்றின் வலப்பக்கத்தில் ஒரு துளை போட்டு, அந்த நுனியை வெளியே இழுத்துத் தைத்துவைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றி ஒட்டுகிற மாதிரி ஒரு தட்டு, தட்டின் மேல் ஒரு பை. கீழே போகவேண்டியது எல்லாம் இப்போது அந்த வழியாகத்தான் போகிறது. என்னைக் கேட்டுக்கொண்டு போவதில்லை. பின்பக்கம் என்றால் நாலு பேர் நடுவில் மனுஷி பல்லைக் கடித்து அடக்கிக்கொள்ளலாம். இதற்கு அடக்குகிற தசையே கிடையாதாம். காற்று வந்தால் புர்ர்ர் என்று ஒரு சத்தம், அதன்பின் வழவழவென்று ஒன்று. நீங்கள் "எப்படிம்மா இருக்கே" என்று கேட்கும்போது என் வயிறு முந்திக்கொண்டு பதில் சொன்னால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்?

நான் அதை இதுவரை பார்க்கவில்லை. மருத்துவமனையில் ஒரே ஒரு முறை போர்வை விலகியபோது ஓரக்கண்ணில் பட்டது. சிவப்பாக, ஈரமாக, உதட்டைப் பிதுக்கிவைத்த மாதிரி. அன்றைக்கு முழுக்க எதுவும் உள்ளே இறங்கவில்லை. பையை மாற்றுவது உங்கள் அக்காதான். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வருவார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அங்கே காலண்டர் இருக்கிறது. ஜூன் மாதத்தைப் புரட்டி மாட்டி ஒரு வட்டம் போட்டுவைத்திருக்கிறேன். ஜூனில் மறுபடி திறந்து, குடலை உள்ளே தள்ளி, துளையை மூடிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அதனால் நீங்கள் லீவு போட்டு இப்போது வரவேண்டாம். மூடின பிறகு வாருங்கள். வேலைக்குப் போவது, கடைக்குப் போவது, மனுஷர் முகத்தில் விழிப்பது எல்லாமே மூடின பிறகுதான்.

சாப்பிட்டுவிட்டு மேலே ஏறுங்கள். வெறும் வயிற்றோடு கிரேனில் ஏறாதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது.

இப்படிக்கு,
மணி

—

ஜனவரி 27

என் உயிரான வெண்கல மணிக்கு,

உன் கடிதத்தை நூறு அடி உயரத்தில், கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்து படித்தேன். கீழே இரும்புக் கம்பிகளைக் கொக்கியில் மாட்டிவிட்டு "தூக்கு, தூக்கு" என்று கத்துகிறார்கள். எனக்குக் கண்ணீர் மறைத்துவிட்டது. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு அழுதேன்.

பைத்தியக்காரி! இதற்காகவா ஃபோனுக்கு வரவில்லை? உன் வயிறு பேசினால் எனக்கு அது வீணை. பேருந்து நிலையம் முழுக்க எதிரொலிக்கிற வெண்கலக் குரலுக்குச் சொந்தக்காரி நீ. உன்னிடமிருந்து எந்தச் சத்தம் வந்தாலும் எனக்கு இனிமைதான். நான் சத்தியமாகச் சொல்கிறேன், உன் மலமும் எனக்கு மல்லிகை.

இங்கே தொழிலாளர் நலத்துக்காக ஒரு பேச்சாளரை அழைத்துவந்தார்கள். அருமையான மனிதர். எங்கள் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, நம்மை நாமே கட்டிப்பிடித்துக்கொள்ளச் சொன்னார். தன்னை நேசிக்காதவனால் எதையும் மாற்ற முடியாதாம். அவர் விற்ற சின்னப் புத்தகம் ஒன்றை இதோடு அனுப்பியிருக்கிறேன். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று, "நான் முழுமையானவள், நான் அழகானவள்" என்று மூன்று முறை சொல்லவேண்டும். செய்வாயா, என் தங்கம்?

இன்னொரு யோசனை. அதற்கு நாம் ஒரு செல்லப்பெயர் வைத்துவிடலாம். "குட்டி" என்று கூப்பிட்டால் பயம் போய்விடும். குட்டிக்கு என் முத்தத்தைச் சொல்லு.

என்றும் உன்,
அத்தான்

—

பிப்ரவரி 16

அத்தானுக்கு,

கடிதம் வந்தது. புத்தகமும் வந்தது. மல்லிகையும் வந்தது.

நீங்கள் அன்பாகத்தான் எழுதினீர்கள், தெரியும். ஆனால் அந்த வரியைப் படித்ததும் எனக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. இங்கே வந்து ஐந்து நிமிடம் நின்றால் மல்லிகையா மற்றதா என்று தெரிந்துவிடும். உங்கள் அக்கா ஃபினாயில், வினிகர், எலுமிச்சைத் தோல் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டார். எல்லாம் சேர்ந்து புதிதாக ஒரு நாற்றத்தைக் கிளப்பியதுதான் மிச்சம். முத்தம் கொடுக்கிற விஷயமா அது? குட்டியாம்! பெற்றெடுத்தேனா என்ன?

இருந்தாலும் நீங்கள் சொன்னீர்களே என்று கண்ணாடி முன்னால் நின்றேன். "நான் முழுமையானவள்" என்றேன். புர்ர்ர் என்றது. "நான் அழகானவள்" என்றேன். இந்த முறை கொஞ்சம் நீளமாக. பின்னால் உங்கள் அக்கா வாளியோடு நின்றுகொண்டிருந்தார். "மூணாவது தடவை வேண்டாம்மா, பை தாங்காது" என்றார். சிரிப்பு வரவில்லை. புத்தகத்தை ஆடுகிற மேசையின் கால் கீழே வைத்துவிட்டேன். அதற்கு அளவாக இருக்கிறது.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் வேலைக்குப் போனேன். மூடின பிறகுதான் போவேன் என்று எழுதினேனே, பொறுக்கவில்லை. நான் இல்லாதபோது ஒலிபெருக்கியில் டைம்கீப்பர் பேசுகிறாராம், மூக்கால் பேசுகிறாராம், பாதிப் பயணிகள் தப்பான பேருந்தில் ஏறுகிறார்களாம். பெருமை பிடித்துக்கொண்டது. புடவையில் இரண்டு மடிப்பை வயிற்றுக்கு நேராக அதிகம் வைத்துக் கட்டிக்கொண்டு போனேன். கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்து நாலு பேருந்துகளை அறிவித்தேன். ஐந்தாவதை அறிவிக்கும்போது இடுப்பில் வெதுவெதுப்பாக இருந்தது. தட்டு பிய்த்துக்கொண்டுவிட்டது. பேசுவதை நிறுத்தவில்லை. நடைமேடை எண்ணைச் சொல்லி, புறப்படும் நேரத்தைச் சொல்லி, மைக்கை அணைத்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். நாற்காலியின் பஞ்சு வரைக்கும் ஊறியிருந்தது.

நிலைய மேலாளர் நல்லவர். "போய் ஓய்வெடும்மா" என்றார். சொன்னபோது மூச்சை அடக்கியிருந்தார், கன்னம் உப்பியிருந்தது. ஆட்டோவில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். என் நாற்காலியை இரண்டு பேர் ஆளுக்கொரு குச்சியால் தள்ளிக்கொண்டு வெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானாக இருந்தாலும் குச்சியால்தான் தள்ளியிருப்பேன். இந்த உடம்பைப் பார்த்தால் எனக்கே அப்படித்தான் இருக்கிறது. வேறு யாரோ உபயோகித்துவிட்டு என்னிடம் விட்டுப்போன வீடு மாதிரி.

ஜூன் வரட்டும்.

மணி

—

மார்ச் 3

என் கண்ணே,

உன் கடிதத்தைப் படித்த பிறகு சும்மா இருந்தால் நான் மனிதனே இல்லை. இரண்டு வாரம் லீவு கிடைத்துவிட்டது. நீ வேண்டாம் என்றாலும் வருகிறேன். இருபதாம் தேதி காலை வீட்டு வாசலில் இருப்பேன். உன் நாற்காலியை யார் குச்சியால் தள்ளினான் என்று மட்டும் சொல், அவனைக் கொக்கியில் மாட்டிப் பத்து மாடிக்குத் தூக்கிவிடுகிறேன்.

உனக்காக ஒரு பரிசு வாங்கியிருக்கிறேன். என்னவென்று சொல்ல மாட்டேன்.

ஓடி வருகிற,
அத்தான்

—

மார்ச் 29

அத்தானுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று அக்கா சொன்னார். இரண்டு வாரம் என்று வந்தவர் ஐந்தாம் நாளே போய்விட்டீர்கள். "சைட்டுல இருந்து அவசரமா கூப்பிட்டுட்டாங்க" என்றீர்கள். எதில் கூப்பிட்டார்கள்? உங்கள் ஃபோன் அன்றைக்கு முழுக்க என் தலைமாட்டில் சார்ஜில் கிடந்தது. ஒரு முறைகூட அடிக்கவில்லை.

பரிசுக்கு நன்றி. ஆறு புட்டி வாசனைத் திரவியம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பூ. வந்ததும் வராததுமாகத் திரைச்சீலை, தலையணை, என் தோள் என்று அடித்தீர்களே, அப்போதே எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஜன்னல்களை எல்லாம் திறந்துவைத்தீர்கள். "என்ன புழுக்கம்" என்றீர்கள். சாப்பிடும்போது உங்கள் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி, கடைசியில் சோற்றுத் தட்டு மேசையிலும் நீங்கள் சுவரிலும் இருந்தீர்கள்.

மூன்றாம் நாள் காலை நடந்ததைப் பற்றி நாம் இருவரும் பேசவே இல்லை. நான் பேசுகிறேன். நீங்கள் அவித்த முட்டையும் டீயுமாகச் சமையலறையில் உட்கார்ந்திருந்தீர்கள். கீழே விழுந்த கரண்டியை எடுக்க நான் குனிந்தேன். தட்டு கழன்றது. வயிற்றிலிருந்து தொடை, தொடையிலிருந்து முழங்கால், பாதம், தரை. நான் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு உதடு இரண்டு பக்கமும் கோணிக்கொண்டு போனது. வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினீர்கள்.

குடல் வெளியே வந்தது எனக்கு. வாந்தி எடுத்தது நீங்கள்.

திரும்பி வந்து என்ன சொன்னீர்கள்? "முட்டை சரியில்லை போல." உங்கள் அக்கா தரையைத் துடைத்துக்கொண்டே, "முட்டை நல்லாத்தான் இருந்துச்சு, நானும்தானே தின்னேன்" என்றார். அன்றைக்கு மாலையே தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டீர்கள். முதுகு வலி என்றீர்கள். அதற்கு முன்னால் புழுக்கம், அதன்பின் முட்டை, அப்புறம் முதுகு, கடைசியில் சைட்.

நீங்கள் வாந்தி எடுத்தது எனக்கு அருவருப்பாக இல்லை அத்தான். என் உடம்பே செய்ய ஆசைப்படுகிற காரியம் அது. நீங்கள் சொன்ன நாலு பொய்தான் குமட்டுகிறது. அந்த வாடை ஃபினாயிலுக்கும் போகவில்லை.

மல்லிகை நாலு நாளில் வாடிவிட்டது, பாருங்கள்.

மணி

—

ஏப்ரல் 15

அன்புள்ள மணிக்கு,

நீ ரொம்ப யோசிக்கிறாய். உடம்பு சரியில்லாதவர்களுக்கு இப்படித்தான் எல்லாம் தப்பாகத் தோன்றும். சைட்டில் நிஜமாகவே வேலை. கூப்பிடுவார்கள் என்று முன்பே தெரியும், அதனால்தான் கிளம்பினேன். முட்டையும் சரியில்லைதான். அக்காவுக்கு இரும்பு வயிறு, அவளை வைத்து எடை போடாதே.

ஜூன் தூரத்தில் இல்லை. மூடின பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதுவரைக்கும் நடந்ததையெல்லாம் கெட்ட கனவாக நினைத்துக்கொள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அக்காவிடம் கைச்செலவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அத்தான்

—

ஜூன் 18

அத்தானுக்கு,

இரண்டு மாதமாக நான் எழுதவில்லை, நீங்களும் எழுதவில்லை. கெட்ட கனவுக்கு யார் கடிதம் போடுவார்கள்.

ஜூன் வந்தது. மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, பேனாவைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அந்தத் தட்டலிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

"இதை மூட முடியாதும்மா. கீழ்ப்பக்கம் குடல் தாங்காது. சேர்த்தா உள்ளே கசிஞ்சு உயிருக்கே ஆபத்து."

"இப்ப முடியாதா டாக்டர்? எப்ப முடியும்?"

"எப்பவுமே வேண்டாம்னுதான் சொல்றேன்."

வீட்டுக்கு வந்தேன். யாரையாவது திட்டவேண்டும் போல இருந்தது. காய்கறி விலையைச் சாக்காக வைத்து உங்கள் அக்காவைத் திட்டினேன். அவர் பாட்டுக்கு வெங்காயம் நறுக்கினார். பை மாற்றுகிற நேரம் வந்ததும் வழக்கம் போலத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு வந்தார். நானும் வழக்கம் போலச் சுவர்ப் பக்கம் திரும்பினேன். காலண்டர். ஜூன். வட்டம். அதைப் பார்த்துப் பார்த்துத்தானே இத்தனை மாதம் ஓட்டினேன். இனிமேல் அங்கே எதைப் பார்ப்பது? ஜூலையைப் பார்ப்பதா? அடுத்த வருஷத்து ஜூனைப் பார்ப்பதா? கழுத்து வலித்தது. திரும்பினேன்.

பார்த்தேன் அத்தான்.

அழகாக இருந்தது என்று எழுதுவேன் என்று நினைக்காதீர்கள். குமட்டியது. சிவப்பாக, பளபளவென்று, அடுப்புக்கு வராத ஈரல் துண்டு மாதிரி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு முறை சுருங்கி விரிந்தது. நத்தை உடம்பை இழுத்துக்கொள்கிற மாதிரி. என்னிடம் கேட்காமல் என் உடம்பில் ஒன்று தன்பாட்டுக்கு அசைவதைப் பார்ப்பது பெரிய கொடுமை. வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். இரண்டு முறை வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

என்னவோ தெரியவில்லை, அப்போது ஒரு சாதாரணமான எண்ணம் வந்தது. இது வேறு யாருடையதும் இல்லை. கனவும் இல்லை. காலையில் நான் குடித்த கஞ்சிதான் இதன் வழியாக வருகிறது. நாற்றமும் என்னுடையதுதான். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நான்தான் இது.

அப்படி நினைத்ததில் மனசு ஒன்றும் லேசாகவில்லை. ஆனால் கண் தெளிவாகத் தெரிந்தது. அதைச் சுற்றித் தோல் முழுக்க வெந்து, உரிந்து, புண்ணாகிக் கிடந்தது. உங்கள் அக்கா கையில் வைத்திருந்த தட்டை வாங்கிப் பார்த்தேன். நடுவில் வெட்டியிருந்த ஓட்டை எலுமிச்சம்பழம் போகிற அளவு. இதுவோ நெல்லிக்காய் அளவுதான் இருக்கிறது.

"அக்கா, இந்த ஓட்டையை எந்த அளவுல வெட்டறீங்க?"

"ஆஸ்பத்திரியில முதல் நாள் ஒரு காகிதத்துல வரைஞ்சு குடுத்தாங்களே, அதை வெச்சுதான்."

"அப்ப வீங்கியிருந்தது. இப்ப பாதியா சுருங்கிடுச்சே. நீங்க பார்க்கலையா?"

"நான் எங்கடி பார்த்தேன்? கண்ணை மூடிக்கிட்டுதானே ஒட்டுவேன்!"

ஆறு மாதம். ஒருத்தி சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறாள், இன்னொருத்தி கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுகிறாள். தட்டு கழலாமல் என்ன செய்யும்? நாற்காலி நாறியதும், தரை நாறியதும் அந்தப் பெரிய ஓட்டையால்தான். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். அக்காவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. மூக்குத் துணி காற்றில் பறக்கிற அளவுக்குச் சிரித்தார். பிறகு அழுதார். "என்னை மன்னிச்சுடும்மா, எனக்குப் பிடிக்கலை, சொல்லவும் பயமா இருந்துச்சு" என்றார். "எனக்கும்தான் பிடிக்கலை" என்றேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பை வைத்தவர்களைக் கவனிக்கிற நர்ஸிடம் போனேன். மாதம் ஒரு முறை வரச் சொல்லியிருந்தார்கள், வெட்கப்பட்டு நான் போனதே இல்லை. தடித்த குரல், தடித்த கைகள். புண்ணைப் பார்த்ததும் திட்டித் தீர்த்துவிட்டார். "இதைப் பார்த்தாலே எனக்கு வெறுப்பா இருக்கு சிஸ்டர்" என்றேன். "வெறுத்துக்கோ, யாரு வேண்டாம்னா? ஆனா பார்த்துட்டு வெறு" என்றார். அளவு பார்க்க ஒரு அட்டை கொடுத்தார். இப்போது நானே அளக்கிறேன், நானே வெட்டுகிறேன், நானே ஒட்டுகிறேன். முதல் வாரம் நாலு தட்டு வீணானது. இப்போது நாலு நாள் வரை கசியாமல் நிற்கிறது. புண் ஆறிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு முறையும் குமட்டத்தான் செய்கிறது. மூச்சை வாயால் இழுத்துக்கொண்டு வேலையை முடிக்கிறேன்.

மூடின பிறகு வாருங்கள் என்று எழுதியிருந்தேன். அது நடக்காது. ஆகவே நீங்களும் ஜூனைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் எழுதுங்கள். அந்த முட்டை கெட்டுப்போயிருந்ததா?

மணி

—

ஜூலை 14

மணிக்கு,

முட்டை நன்றாகத்தான் இருந்தது.

இந்த ஒரு வரியை எழுதப் பல நாள் ஆனது. எழுதிக் கிழித்த காகிதங்களில் மல்லிகை மாதிரி நிறைய இருந்தன. எழுதும்போதே எனக்கே குமட்டியது. நீ சொன்ன வாடை அதுதான் என்று புரிந்தது.

சைட்டில் யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் இங்கே ஓடி வந்தேன். வந்த பிறகு லீவு மிச்சம் இருந்ததால் வேலைக்கும் போகாமல் அறையிலேயே கிடந்தேன். சட்டையை மூன்று முறை துவைத்தேன். வாடை சட்டையில் இல்லை என்று தெரிந்தும் துவைத்தேன்.

அன்றைக்கு நீ கரண்டியோடு நின்றபோது எனக்கு உன் மேல் இரக்கம் வரவில்லை. வந்திருக்கவேண்டும். "இவள் எனக்கு வேண்டாம்" என்று ஒரு நினைப்புதான் வந்தது. பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியவளைப் பார்த்து, ஒரு நொடியில். வாந்தி அதன்பிறகுதான் வந்தது. உன் மேல் வழிந்ததைப் பார்த்து எடுத்தேனா, எனக்குள் வந்ததைப் பார்த்து எடுத்தேனா என்று எனக்கே தெரியாது. இரண்டும்தான் என்று வைத்துக்கொள். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று சொல்லிக்கொள்ளத்தான் முட்டை, முதுகு, சைட் எல்லாம். ஆனால் நான் அப்படிப்பட்ட ஆள்தான். அதை மூடிவைத்துக்கொண்டு உனக்குப் புத்தகம் அனுப்பினேன்.

இன்னொன்று. இது உனக்குத் தெரியாது. கிரேன் கூண்டில் ஏறினால் ஏழு மணி நேரம் இறங்க முடியாது. அங்கே கழிவறை கிடையாது. ஒரு புட்டி வைத்திருக்கிறேன். வெயிலில் அது பழுத்துப்போய் நாறும். மாலையில் அதைச் சோற்று டப்பா இருக்கிற அதே பையில் வைத்துத்தான் கீழே கொண்டுவருகிறேன். இங்கே எல்லோரும் அப்படித்தான். ஒரு நாளும் உன்னிடம் சொன்னதில்லை. மேலே மேகத்தோடு பேசுகிறேன், பறவையைப் பார்க்கிறேன் என்றுதான் எழுதியிருக்கிறேன். பெரிய சுத்தக்காரன் மாதிரி ஆறு புட்டி சென்ட் வாங்கிக்கொண்டு வந்தேன் பார்.

அருவருப்பு போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. போகுமா என்று கேட்டால், தெரியவில்லை. மறுபடி பார்த்தால் மறுபடி ஓடுவேனோ என்று பயமாக இருக்கிறது. உன் பக்கத்தில் படுக்க என்னால் முடியுமா என்று இன்றைக்குச் சத்தியம் செய்ய மாட்டேன். ஏற்கெனவே செய்த சத்தியம் நாறிக்கொண்டிருக்கிறது. ஆனால் இங்கே உட்கார்ந்துகொண்டு அது கனவு என்று சொல்லிக்கொண்டிருக்கவும் முடியவில்லை. ஒரு முறை வந்து அந்த வீட்டில் இருந்து பார்க்கவேண்டும் போல இருக்கிறது. முடியாவிட்டால் முடியவில்லை என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறேன். பொய் சொல்ல மாட்டேன்.

வரலாமா? வேண்டாம் என்று நீ எழுதினால் தப்பாக நினைக்க மாட்டேன்.

அத்தான்

—

ஆகஸ்ட் 5

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டவில்லை. புட்டி விஷயம் தெரிந்தால் சோற்று டப்பாவை நினைத்து மூன்று நாள் புலம்புவார்.

"இவள் எனக்கு வேண்டாம்" என்ற வரியில் எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் அது என் முட்டையாகிவிடும். காகிதத்தை மடித்துவைத்துவிட்டு ஒரு மூட்டைத் துணி துவைத்தேன். துவைத்து முடித்ததும் மறுபடி எடுத்துப் படித்தேன். ஜனவரியிலிருந்து நீங்கள் எழுதியவற்றில் எனக்குக் குமட்டாமல் படித்து முடித்த கடிதம் இது ஒன்றுதான். வேடிக்கைதான். இருப்பதிலேயே அசிங்கமான கடிதமும் இதுதான்.

எனக்கும் உங்கள் மேல் வந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாஷ்பேசினில் குனிந்திருந்தபோது உங்கள் முதுகைப் பார்த்து, இந்த மனிதனுக்கு இதே மாதிரி ஒன்று வந்தால் நான் தொடுவேனா என்று நினைத்தேன். தொட மாட்டேன் என்றுதான் பதில் வந்தது. என்னுடையதையே ஆறு மாதம் தொடாதவள் உங்களுடையதையா தொடப்போகிறேன்? ஆகவே நீங்கள் மட்டும் பெரிய பாவி என்று நினைத்துக்கொண்டு அதில் சுகம் காணவேண்டாம். நாம் இருவரும் ஒரே மண்ணில் பிசைந்த பிறவிகள்தான் போல.

செய்தி சொல்கிறேன். மறுபடி வேலைக்குப் போகிறேன். முதல் நாள் மேலாளரிடம் போய் நேராகச் சொல்லிவிட்டேன். "எனக்கு வயித்துல பை இருக்கு சார். வாடை வரலாம், சத்தம் வரலாம். கசிஞ்சா நானே சுத்தம் பண்ணிக்கிறேன். நாற்காலி மட்டும் பஞ்சு இல்லாம ஒண்ணு வேணும்." அவர் இந்த முறை மூச்சை அடக்காமல் பேசினார். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கொடுத்தார். உட்கார்ந்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனால் துடைப்பது சுலபம்.

நடக்கக்கூடாது என்று எதற்குப் பயந்தேனோ அது மூன்றாம் நாளே நடந்தது. மைக் திறந்திருக்கும்போது, ஊர்ப்பெயர் சொல்லி, நடைமேடை எண் சொல்லப்போகிற இடைவெளியில், நிலையம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு புர்ர்ர். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பெட்டி தூக்கிக்கொண்டு போனவர்கள் நின்றார்கள். நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒரு குழந்தை ஒலிபெருக்கியைக் கை காட்டியது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது, காது சுட்டது, எழுந்து ஓடிவிடலாம் என்று இருந்தது. ஆனால் நடைமேடை எண்ணை இன்னும் சொல்லவில்லையே. சொன்னேன். ஜனங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த நடைமேடைக்குப் போனார்கள். அவ்வளவுதான். அவர்களுக்குப் பேருந்து கிடைத்துவிட்டது. எனக்கு டீ ஆறிப்போயிருந்தது, இன்னொன்று வாங்கிவரச் சொன்னேன்.

இப்போது உங்கள் கேள்வி.

வாருங்கள். ஆனால் மன்னிப்புக் கேட்க வராதீர்கள், எனக்குக் கேட்டுக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. பையை மாற்றக் கற்றுக்கொடு என்று கேட்டு நிற்காதீர்கள். அது என் வேலை, நான் பார்த்துக்கொள்வேன். கூடத்தில் கட்டில் போட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கேதான் படுக்கவேண்டும். எத்தனை நாளைக்கு என்று எனக்கும் தெரியாது. ஓடவேண்டும் போல இருந்தால், ஓடவேண்டும் போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஓடுங்கள். காரணம் மட்டும் கண்டுபிடிக்காதீர்கள். நானும் உங்களைப் பார்க்கப் பிடிக்காத நாளில் பிடிக்கவில்லை என்று சொல்வேன். அதைத் தாங்கிக்கொள்ள முடியுமா என்று வருவதற்கு முன்னால் யோசித்துக்கொள்ளுங்கள்.

காலைப் பேருந்தில் வந்தால் பதினோரு மணிக்கு மேல் வந்து சேருவீர்கள். நான் அப்போது வேலையில் இருப்பேன், இறங்கி வர முடியாது. கண்ணாடி அறைக்குக் கீழே உட்கார இடம் இருக்கிறது. என் வேலை இரண்டு மணிக்கு முடியும். பசித்தால் எனக்காகக் காத்திருக்காமல் சாப்பிட்டுவிடுங்கள். ஒரே மேசையில் சாப்பிட முடியுமா என்பதை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

மணி